படுகை மட்டம்

மூன்றாம் கால்பகுதி, நான்கு நிமிடம் பாக்கி.
முத்துப்பேட்டைப் பக்கம் கறுத்த மழை
நேராக எங்கள் மேசைக்கு வந்தது.
ஸ்கோர் ஷீட்டைப் புடவைக்குள் செருகிக்கொண்டு
கேலரிக்கு அடியில் ஓடினேன்.
அங்கே ஏற்கெனவே சண்டை.

யார் பெரியவன்?
மன்னார்குடியில் இதற்கு மூன்று கட்சி.

கலியமூர்த்தி, எழுபத்து நாலு.
மண் தரை, வெறுங்கால்.
ஈரத்தில் பந்து எழும்பாது என்பதால்
தட்டிக்கொண்டு போகவே மாட்டாராம்.
வாங்கினால் இரண்டே எட்டு, பந்து காற்றில்.
இறந்து இரண்டு வருடம் ஆகிறது,
புள்ளிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஜபருல்லா, தொண்ணூற்றொன்று.
சிமெண்டுத் தரை, இடக்கை,
முழங்காலில் எப்போதும் ஒரு மஞ்சள் பத்து.
சிங்கப்பூர் போய்த் திரும்பி
இதோ என் பக்கத்தில்தான் நிற்கிறார்,
தன்னைப் பற்றிய பேச்சில்
தனக்கு எதிராகவே வாதாடியபடி.

நிரஞ்சன், இன்றைய ஆட்டம்.
ரப்பர் பூசிய தரை.
கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவான்,
எறிந்ததும் முதுகைத் திருப்பிவிடுவான்,
விழுந்ததா என்று நாங்கள்தான் பார்க்கவேண்டும்.

"நேத்து முப்பத்தெட்டு எடுத்தான்ல?"
"அவரு காலத்துல மூணு பாயிண்ட் கோடே கெடையாதுடா.
யூரியா போட்ட மூட்டையும் எரு போட்ட மூட்டையும்
ஒரே தராசுலயா நிறுப்ப?"
"கொள்முதல் நிலையத்துல எருவான்னா கேக்குறான்?
ஈரப்பதம் எவ்வளவுன்னுதான் கேக்குறான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பகலில் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் கணக்கு,
மாலையில் இந்தக் கணக்கு.
எழுபத்து நாலின் கார்பன் நகல்கள்கூட
என் டிரங்குப் பெட்டியில் உண்டு.
தேடிப் பார்த்திருக்கிறேன்.
கலியமூர்த்தி பெயருக்கு நேரே
இரண்டு, இரண்டு, இரண்டு.
எங்கிருந்து எறிந்தார் என்று இல்லை.
கைநீட்டும் தூரமும் பாதி மைதானமும்
ஒரே இரண்டு.

"வளையம் ஒண்ணுதானே," என்றார் யாரோ சமாதானமாக.
"கம்பம் மீட்டர்கேஜ் தண்டவாளம்.
நட்டதுலேருந்து ஒருத்தனும் தொடல.
பத்தடின்னா அன்னைக்கும் பத்தடி, இன்னைக்கும் பத்தடி."

அப்போதுதான் வைரக்கண்ணு வாயைத் திறந்தார்.
பொதுப்பணித்துறை லஸ்கர்,
மழைக்கு ஒதுங்கியவர்,
கூடைப்பந்தில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது.
"வாய்க்கால்ல தண்ணி கரையத் தொட்டா
தண்ணி கூடிருச்சுன்னு சொல்லிட மாட்டோம்.
படுகை உசந்திருக்கான்னு மொதல்ல பாப்போம்."

மழை விட்டது. நாடா வந்தது.
ஒரு முனை ஜபருல்லா காலடியில்,
மறுமுனை ஏணிமேல் நிரஞ்சன் கையில்.
மண்ணுக்கு மேல் சிமெண்டு,
அதற்கு மேல் இன்னொரு சிமெண்டு,
அதற்கு மேல் ரப்பர்.
பத்தடிக்கு ஏழு விரற்கடை குறைவு.

கலியமூர்த்தி கட்சி கைதட்டியது,
கொஞ்ச நேரம்.
"அதுல அஞ்சு வெரல் என் தரையிலயே போயிருக்கும்,"
என்றார் ஜபருல்லா, நாடாவைச் சுருட்டியபடி.
நிரஞ்சன் இறங்கவில்லை.
ஏணியிலிருந்தே கேட்டான்:
"வெல்டர் யாராச்சும் இருக்காங்களா?"

ராத்திரி பதினொன்றரை.
கிழக்குப் பக்கத்து வளையம் மட்டும்
தன் பழைய உயரத்தில்.
சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு எறிந்தான்.
முன் விளிம்பு.
முன் விளிம்பு.
அடுத்தது விளிம்பைக்கூடத் தொடவில்லை.
எறிந்துவிட்டுத் திரும்பாமல்
அவன் நின்று பார்த்ததை
இன்றுதான் பார்க்கிறேன்.
ஜபருல்லா பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார்.
பிறகு ஒன்றைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு
இடக்கையால் தானே எறிந்தார்.
அதுவும் விளிம்பு.

பழக்கத்தில் பேனாவைத் திறந்திருக்கிறேன்.
விழுந்ததற்குத்தான் ஷீட்டில் கட்டம்,
தவறியதை எழுத இடமில்லை,
எழுபத்து நாலிலும் இல்லை.
எத்தனை தவறவிட்டாரோ கலியமூர்த்தி
அந்த ஈர மண்ணில்.

வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிட்டான்.
இருட்டில் விளிம்பில் இன்னொரு சத்தம்.
யார் எறிந்தது என்று தெரியவில்லை.